எழுத்துல வராத ஒரு உடன்பாடு: ஆக்ஸ்ஃபோர்டு பிஷப்பும் 90-ஆம் பிரசுரமும் (நிகழ்வு ஆய்வு)

எதுக்கு இந்த நிகழ்வு

சபைக்குள்ள கருத்து மோதல் வருது. மேல இருக்குறவர் நல்ல மனுஷர், கீழ இருக்குறவர் அவர் சொன்னா கேக்கத் தயாரா இருக்கார், ரெண்டு பேருக்கும் நடுவுல பகை எதுவும் இல்ல, இருந்தும் நாலஞ்சு வருஷத்துல எல்லாம் உடைஞ்சு போகுது. இது எப்படி நடக்கும்னு புரிஞ்சுக்க 1841-ல ஆக்ஸ்ஃபோர்டுல பிஷப் ரிச்சர்ட் பேகட்டுக்கும், 90-ஆம் பிரசுரத்தை எழுதின குருவானவர் ஜான் ஹென்றி நியூமனுக்கும் நடுவுல நடந்தத விடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிஞ்சு இல்ல. சபை நிர்வாகம், டயோசிஸ் (ஒரு பிஷப்புக்குக் கீழ வர பகுதி) கமிட்டி, சேகரப் (ஒரு குருவானவருக்குக் கீழ வர பகுதி) பொறுப்புன்னு ஏதாவது ஒண்ணுல இருக்குறவங்களுக்கு இது உபயோகப்படும்னு நம்பி எழுதுறேன். வரலாற்றுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆட்கள மட்டும் பேரு சொல்றேன், மத்தவங்கள பதவிய வெச்சுக் குறிப்பிட்டாப் போதும்.

பின்னணி: பிஷப்

ரிச்சர்ட் பேகட், பிறந்தது 1782. அப்பா ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ப்ளித்ஃபீல்டு எஸ்டேட்டோட சொந்தக்காரர், முதலாம் பேகட் பிரபு. இவர் ஆறாவது பையன். அந்தக் காலத்து இங்கிலாந்துல நிலமும் பட்டமும் மூத்த பையனுக்குத்தான், மத்த பசங்க ராணுவத்துக்கோ தூதரக வேலைக்கோ சர்ச்சுக்கோ போயாகணும். இவரோட அண்ணன் சார்லஸ் தூதரகப் பக்கம் போனார், அமெரிக்காவோட பெரும் ஏரிகள்ல போர்க்கப்பல்கள குறைக்கிறதுக்கு 1817-ல உடன்பாடு பண்ணவர் அவர்தான், பின்னாடி கனடாவுக்கு கவர்னர் ஜெனரலாவும் ஆனார். ரிச்சர்டுக்கு சர்ச். சித்தப்பா லூயிஸ் பேகட் ஏற்கனவே பிஷப்பா இருந்தவர்ங்கறதால பாதை புதுசு இல்ல. 1806-ல ஜெர்சி பிரபுவோட பொண்ணு லேடி ஹாரியட்டைக் கல்யாணம் பண்ணார், 1827-ல கான்டர்பரி கதீட்ரலுக்கு டீன் (அந்தக் கதீட்ரல் குருமாரோட தலைவர்), 1829-ல வெலிங்டன் பிரதமரா இருந்தப்ப ஆக்ஸ்ஃபோர்டுக்கு பிஷப்.

பிஷப் ஆனதுக்கு அப்புறமும் டீன் பதவிய அவர் விடல, 1845 வரைக்கும் ரெண்டையும் சேர்த்தே வெச்சிருந்தார். இன்னைக்கு நமக்கு இது சங்கடமா இருக்கும், ஆனா அன்னைக்கு இது சாதாரண நடைமுறை. ஆக்ஸ்ஃபோர்டு அப்போ ஒரே ஒரு கவுண்டிய மட்டும் கொண்ட சின்ன டயோசிஸ், பெர்க்ஷயர் 1836-லதான் சேர்ந்துச்சு. டர்ஹாம் மாதிரி பணக்கார டயோசிஸ் பிஷப்போட வருமானத்துக்குப் பக்கத்துல கூட இது வராது.

ஒண்ணு முக்கியமா கவனிக்கணும். பேகட் பெரிய இறையியல் அறிஞர் கிடையாது, சண்டைக்காரரும் கிடையாது. வளர்ந்த விதத்தால வந்த மரியாதை, நிதானம், யாரையும் பொது இடத்துல சிறுமைப்படுத்தக் கூடாதுங்கற எண்ணம், இதெல்லாம் அவர்கிட்ட நிறைய இருந்துச்சு. அவரால கஷ்டப்பட்ட நியூமனே பின்னாடி அவரப் பத்தி அவ்வளவு அன்பா எழுதியிருக்கார்னா அது சும்மா வந்திருக்காது.

பின்னணி: குருவானவர்

ஜான் ஹென்றி நியூமன் ஆக்ஸ்ஃபோர்டுல ஓரியல் காலேஜ் ஃபெலோ (காலேஜோட உறுப்பினரா இருக்குற அறிஞர்), 1828-லருந்து யுனிவர்சிட்டி சர்ச்சான செயின்ட் மேரிஸ்ல குருவானவர். இந்த ரெண்டு பதவியையும் தனித்தனியா பாக்கணும், இல்லன்னா கதை புரியாது. ஃபெலோவா அவர் யுனிவர்சிட்டிக்குக் கட்டுப்பட்டவர், அங்க பிஷப்புக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சேகர குருவா அவர் பிஷப்புக்குக் கட்டுப்பட்டவர்.

1833-ல அயர்லாந்துல 10 பிஷப் பதவிகள அரசாங்கம் ரத்து பண்ணப்போகுதுன்னு வந்தப்ப, சர்ச்சு அரசாங்கத்தோட இலாகா கிடையாதுன்னு ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஜூலை 14-ல ஜான் கீபிள் பண்ண பிரசங்கத்தோட ஆரம்பம். செப்டம்பர்லருந்து நியூமனும் நண்பர்களும் சின்னச் சின்னப் பிரசுரங்கள் போட ஆரம்பிச்சாங்க. முதல் பிரசுரமே நியூமன் எழுதினது. பிஷப்புகள் அப்போஸ்தலர்களோட வாரிசுகள், நம்ம அதிகாரம் அவங்க வழியா வந்தது, அரசாங்கம் கொடுத்தது இல்லங்கறது அதோட சாரம். பிஷப்புகளுக்கு சொத்து பறிபோய் இரத்தசாட்சி மரணம் கிடைச்சா அத விட நல்ல முடிவு அவங்களுக்கு வேணாம்னு கூட அதுல எழுதினார். வசதியான குடும்பத்துலருந்து வந்த பிஷப்புகள் அதப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ஆனா நியூமன் அதை மனசார நம்பினார். தன்னோட பிஷப்தான் தனக்கு போப்பு மாதிரி, அவர் வாயிலருந்து வர சின்ன வார்த்தை கூட கனமானதுங்கறது அவரோட நிலை. ரெண்டு பேருக்கும் நல்ல உறவும் இருந்துச்சு. நியூமன் தன் சேகரத்துக்குட்பட்ட லிட்டில்மோர் கிராமத்துல கட்டின சர்ச்ச 1836 செப்டம்பர்ல பிரதிஷ்டை பண்ணது பேகட்தான்.

1838: முதல் உரசல்

அந்த ஊர்ல பிஷப் சில வருஷத்துக்கு ஒரு தடவ குருமாரக் கூட்டி ஒரு அதிகாரபூர்வ உரை கொடுப்பார், சார்ஜ்னு அதுக்குப் பேரு. 1838 ஆகஸ்ட் சார்ஜ்ல பேகட் இந்தப் பிரசுரங்களப் பத்திப் பேசினார். பெரிய கண்டனம் எல்லாம் இல்ல, எழுதுறவங்கள விட அவங்க பின்னாடி போற இளைஞர்களப் பத்திதான் கவலைன்னு சொல்லி, சில வார்த்தைகள் கவனமா இருக்கணும்னு எச்சரிச்சார், அவ்வளவுதான்.

நியூமனுக்கு அது போதுமானதா இருந்துச்சு. உடனே எழுதினார்: எந்தப் பிரசுரத்துல ஆட்சேபணைன்னு சொல்லுங்க, என் கைல இருக்குறத திரும்ப எடுத்துக்கறேன், இந்தப் புத்தகம் எல்லாம் ஊரெல்லாம் போறத விட உங்க தீர்ப்புக்குக் கீழ்ப்படியறதுதான் எனக்கு சந்தோஷம்னு. பிஷப் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லன்னு விட்டுட்டார்.

முதல் முடிவு எடுத்த இடம் இதுதான். ஏன் அப்படி எடுத்தார்ங்கறதும் புரியுது. அவருக்குக் கண்டிக்க விருப்பம் இல்ல, எச்சரிச்சாச்சு, எதிர்ல இருக்குறவர் பணிவா இருக்கார், இதுக்கு மேல எதுக்கு இழுக்கணும். ஆனா என் பார்வைல இங்கதான் ஒரு நல்ல வாய்ப்பு போச்சு. எது எல்லைக்குள்ள, எது வெளியன்னு நேரா கேட்டு ஒரு ஆள் நிக்கிறார், அவருக்குப் பதில் கிடைக்கல. அடுத்த மூணு வருஷம் அந்த எல்லை எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாமதான் போச்சு.

1841 பிப்ரவரி, மார்ச்

பிப்ரவரி 27-ஆம் தேதி 90-ஆம் பிரசுரம் வெளிவந்துச்சு. ஆங்கிலிக்கன் சபைல குருப்பட்டம் வாங்குறவங்க, ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கச் சேருறவங்க எல்லாரும் அப்போ 39 கோட்பாடுகளுக்கு, அதாவது அந்தச் சபையோட உபதேச அறிக்கைக்கு, கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு. அது புராட்டஸ்டன்ட் ஆவணம்னுதான் பொதுவா எல்லாரும் நினைச்சிருந்தாங்க. நியூமன் அதுல, இந்தக் கோட்பாடுகள் கண்டிக்கிறது மக்கள் நடுவுல இருந்த தவறான பழக்கங்களைத்தான், பழைய கத்தோலிக்க விசுவாசத்தை இல்ல, அதனால கத்தோலிக்க மனசு இருக்குறவங்களும் நல்ல மனசாட்சியோட கையெழுத்துப் போடலாம்னு வாதிட்டார். ரோமுக்கு, அதாவது ரோமன் கத்தோலிக்க சபைக்குப் போயிடலாமான்னு தவிச்சிட்டிருந்த இளைஞர்கள இங்கயே பிடிச்சு வைக்கறதுதான் அவரோட நோக்கம்.

எதிர்ப்பு எந்த வேகத்துல வந்துச்சுன்னு தேதிகளப் பாத்தாலே தெரியும். மார்ச் 8-ல நாலு காலேஜ் ட்யூட்டர்கள் எழுதினவர் பேரச் சொல்லணும்னு பொதுக் கடிதம் போட்டாங்க (அதுல ஒருத்தர் பின்னாடி இங்கிலாந்து சபையோட தலைமை பிஷப்பான கான்டர்பரி ஆர்ச்பிஷப்பே ஆனார்). 15-ல காலேஜ் தலைவர்கள் கூட்டம் கண்டனத் தீர்மானம் போட்டு, மறுநாளே ஒட்டிடுச்சு. நியூமன் விளக்கம் எழுதிட்டிருக்கார், கொஞ்சம் பொறுங்கன்னு கேட்டும் பொறுக்கல, அந்த விளக்கம் அதே 16-ஆம் தேதிதான் அச்சுல வந்துச்சு. அன்னைக்கே அவர் நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டு யுனிவர்சிட்டிக்குக் கடிதமும் கொடுத்தார்.

இப்ப பந்து பிஷப்கிட்ட. அவருக்கு மூணு பக்கமும் நெருக்கடி. யுனிவர்சிட்டி கண்டிச்சாச்சு, நாடு முழுக்க பேப்பர்ல சத்தம், ஆர்ச்பிஷப் வில்லியம் ஹவுலிக்குப் பிரச்சனை பெருசாகாம அடங்கணும். இன்னொரு பக்கம் அவரோட சொந்த டயோசிஸ்ல அவர் ரொம்ப மதிக்கிற ஒரு குருவானவர்.

உடன்பாடு

பேச்சுவார்த்தை ரெண்டு வாரம் நடந்துச்சு, பெரும்பாலும் நேரடியா இல்லாம ஹீப்ரு பேராசிரியர் எட்வர்ட் பியூசி வழியா. 90-ஆம் பிரசுரத்தை நிறுத்தணும்ங்கற பேச்சு வந்தப்ப நியூமனுக்கு அதுல உடன்பாடு இல்ல, அத வாபஸ் வாங்கினா புராட்டஸ்டன்ட் அர்த்தம்தான் சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், தன்னை நம்பி நிக்கிற இளைஞர்கள் என்ன பண்ணுவாங்கங்கறது அவர் கேள்வி. கடைசில இப்படி முடிஞ்சது: பிரசுர வரிசை இதோட நிக்கும், பிஷப்புக்கு 90-ஆம் பிரசுரம் ஆட்சேபணையானதா, சபையோட அமைதியக் கெடுக்கக் கூடியதா படுதுன்னு நியூமனே ஒரு பொதுக் கடிதத்துல சொல்லணும். பதிலுக்கு அந்தப் பிரசுரத்தை வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டாங்க, பிஷப்புகள் சேர்ந்து கண்டிக்கவும் மாட்டாங்க.

நியூமன் தன் பங்கை ஒரே வாரத்துல முடிச்சுட்டார். மார்ச் 29 தேதியிட்டு பிஷப்புக்குப் பொதுக் கடிதம் எழுதி வெளியிட்டார், பிரசுர வரிசை 90-ஓட நின்னுச்சு. பேகட் ரொம்ப மனநிறைவோட அவருக்குப் பதில் எழுதினார். யாரும் வெளியேறல, யாருக்கும் தண்டனை இல்ல, அந்த நேரத்துல இத ஒரு நல்ல தீர்வுன்னுதான் எல்லாரும் பாத்திருப்பாங்க.

எனக்கு இந்த நிகழ்வுல மனசு வலிக்கிற இடம் இதுதான். எதிர்ப்பக்கம் கொடுத்த முக்கியமான வாக்குக்கு ஒரு வரி கூட எழுத்துல கிடையாது. சம்பந்தப்பட்ட கடிதங்கள்லருந்து சில பகுதிகள நியூமனுக்குப் படிச்சுக் காமிச்சாங்க, கைல கொடுக்கல. தனித்தனி பிஷப் அவரவர் சார்ஜ்ல என்ன சொல்வாங்கன்னு நாங்க பொறுப்பேத்துக்க முடியாதுன்னும் கூடவே சொன்னாங்க. நம்ம ஊர்ல பெரிய மனுஷங்க திண்ணைல உக்காந்து வாய்வார்த்தையாவே பாகப்பிரிவினை முடிச்சு விடுவாங்களே, அது மாதிரி. வாக்குக் கொடுத்தவங்க நேர்மையானவங்கதான், ஆனா திண்ணைல உக்காராத பங்காளிங்கள அந்த வாக்கு கட்டுப்படுத்தாது. இந்த மாதிரி உடன்பாடுகளையே தனக்குப் பிடிக்காதுன்னு நியூமன் பின்னாடி வெளிப்படையாவே எழுதினார்.

பேகட் ஏன் இப்படிப் பண்ணார்னு பாத்தா, அவர் வளர்ந்த உலகத்துல கண்ணியமான மனுஷன் வார்த்தையே பத்திரம். எழுதிக் கொடுன்னு கேக்குறதே அவமரியாதை. ஆனா அவர் வார்த்தை கொடுத்தது அவர் டயோசிஸுக்கு மட்டும் இல்லாம இங்கிலாந்தோட எல்லா பிஷப்புகளுக்கும் சேர்த்து, அவங்க மேல அவருக்கு அதிகாரமே கிடையாது.

உடன்பாட்டுக்கு அப்புறம்

அதே வருஷமே பிஷப்புகள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தங்களோட சார்ஜ்ல 90-ஆம் பிரசுரத்தைக் கண்டிக்க ஆரம்பிச்சாங்க. இது மூணு வருஷம் நிக்காமப் போச்சு. காரணம் கெட்ட எண்ணம் மட்டும் இல்ல. கான்டர்பரி கான்வொகேஷன், அதாவது பிஷப்புகளும் குருமாரும் உக்காந்து முடிவெடுக்குற சபை, 1717-லருந்து கூடவே விடல, வேலை பண்ண ஆரம்பிச்சது 1852-லதான். அதனால பிஷப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க இடமே இல்ல, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க டயோசிஸ்ல சார்ஜ் வர முறையப் பாத்துத்தான் பேச முடியும். ஒரே தடவ வந்திருந்தா ஆறிப் போயிருக்கக் கூடிய காயம் இப்படி வருஷக்கணக்குல புதுசு புதுசா வந்துட்டே இருந்துச்சு. பிஷப்போட வார்த்தையே சபையோட குரல்னு எட்டு வருஷமா சொல்லிட்டிருந்த ஆளுக்கு, இது சபையே தன்னை வேணாம்னு சொல்றதாத்தான் கேட்டுச்சு.

நடுவுல இன்னொண்ணு. ஜெர்மன் நாடான பிரஷ்யாவோட சேர்ந்து ஜெருசலேம்ல ஒரு பிஷப் பதவிய உருவாக்கி, 1841 நவம்பர்ல ஒருத்தரை அபிஷேகம் பண்ணாங்க. அவர் லூத்தரன்களையும் (ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபையார்) கவனிச்சுக்கலாம்னு ஏற்பாடு. நியூமன் பேகட்டுக்கும் ஆர்ச்பிஷப்புக்கும் எழுத்துல எதிர்ப்பு அனுப்பினார். இதுல பேகட்டோட கை எதுவும் இல்ல, ஆனா தாங்குனது அவருந்தான்.

1842: லிட்டில்மோர் கடிதம்

நியூமன் லிட்டில்மோருக்குக் குடி போனார். கோச் வண்டிக் குதிரைகள் மாத்துற பழைய லாயத்தை வீடா மாத்தி, சில இளைஞர்களோட ஜெபமும் படிப்புமா வாழ்ந்தார். உடனே ஒரு பேப்பர்ல செய்தி: ஆக்ஸ்ஃபோர்டு டயோசிஸோட குரு ஒருத்தர் கண் முன்னாடியே ஒரு மடாலயம் எழும்புது, துறவிகள் அறை, சேப்பல், சாப்பாட்டுக் கூடம், சுத்து மண்டபம் எல்லாம் வருதுன்னு.

ஏப்ரல்ல பேகட் நியூமனுக்கு நேரா எழுதினார். குற்றம் சாட்டல. உங்கள எனக்குத் தெரியும், ஆனா இப்படி ஒரு செய்தி வந்திருக்கு, நான் பதில் சொல்ல வேண்டிய இடத்துல இருக்கேன், நீங்களே விளக்குங்கன்னு கேட்டார். பதில் ரெண்டே நாள்ல போச்சு. மடாலயம் எதுவும் கட்டல, சேப்பல் இல்ல, சாப்பாட்டுக் கூடம்னு சொல்றதுக்கு ஒழுங்கா ஒரு சாப்பாட்டு அறை கூட இல்ல, அவங்க சொல்ற சுத்து மண்டபம் குடிசைகள இணைக்கிற என்னோட கொட்டகைதான்னு நியூமன் எழுதினார். ஜெபிக்கவும் தனிமைக்கும்தான் வந்தேன், எத்தன வருஷமா என்னைப் போட்டுத் துரத்துறாங்கன்னு மனசத் திறந்தும் எழுதினார்.

மே மாசம் பேகட்டோட அடுத்த சார்ஜ். கோட்பாடுகள எதையும் சொல்லலாம் எதையும் சொல்லாம விடலாம்ங்கற மாதிரி வளைக்கிற அந்த விளக்க முறைய அவர் ஏத்துக்கல, அத நேராவே சொன்னார். ஆனா ஆளை மரியாதையாத்தான் நடத்தினார். மத்த பிஷப்புகளோட சார்ஜ்கள் பக்கத்துல வெச்சுப் பாத்தா இந்த வித்தியாசம் பெருசு.

1843லருந்து 1845: முடிவு

1843 ஆகஸ்ட்ல லிட்டில்மோர்ல இருந்த ஒரு இளைஞர், கொடுத்த வாக்கை மீறி கத்தோலிக்கரா மாறிட்டார். செப்டம்பர் 7-ல நியூமன் செயின்ட் மேரிஸை விட அனுமதி கேட்டு பிஷப்புக்கு எழுதினார், 18-ல ராஜினாமா, 25-ல லிட்டில்மோர்ல கடைசி பிரசங்கம். 1845 பிப்ரவரில 90-ஆம் பிரசுரத்தை யுனிவர்சிட்டியோட பெரிய சபைலயே கண்டிக்கப் பாத்தாங்க, யுனிவர்சிட்டி அதிகாரிகளான ப்ராக்டர்கள் ரெண்டு பேரும் தங்களோட வீட்டோவப் போட்டுத் தடுத்தாங்க. அக்டோபர் 9-ல லிட்டில்மோர்லயே நியூமன் கத்தோலிக்க சபைல சேர்ந்தார்.

அடுத்த சில வாரத்துல பேகட்டும் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுட்டார். பாத் அண்ட் வெல்ஸ் டயோசிஸுக்கு மாற்றம், அவர் இடத்துக்கு சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் வந்தார்.

வெல்ஸ்: அதே மாதிரி ஒரு பிரச்சனை

அங்க அவருக்கு உடம்பு சரியில்லாமப் போய், வேலைய இன்னொரு பிஷப் பாத்துக்க வேண்டி வந்துச்சு. அவர் நமக்குத் தெரிஞ்ச ஆள். 1837-லருந்து 1849 வரைக்கும் மெட்ராஸ் பிஷப்பா இருந்த ஜார்ஜ் ட்ரெவர் ஸ்பென்சர், மார்ல்பரோ டியூக் வம்சத்துக்காரர். 1840-41-ல திருநெல்வேலிப் பக்கம் விசிட்டேஷன் (பிஷப் சபைகளப் பாக்க வர பயணம்) வந்தவர், 1841-ல உதகமண்டலத்துல கால்டுவெல்லுக்கு குருப்பட்டம் கொடுத்தவரும் இவர்தான்.

பேகட்டோட எக்ஸாமினிங் சாப்ளின், அதாவது குருப்பட்டத்துக்கு வரவங்களப் பரீட்சிக்கிறவர், ஜார்ஜ் டெனிசன். திருவிருந்துல கிறிஸ்துவோட மெய்யான பிரசன்னம் பத்தி டெனிசன் எதிர்பார்க்கிற பதிலுக்கு ஸ்பென்சர் 1853-ல ஆட்சேபணை சொன்னார். டெனிசன் அந்தப் பொறுப்பை விட்டுட்டு, வெல்ஸ் கதீட்ரல்ல அதே விஷயத்துல மூணு பிரசங்கம் பண்ணார். பக்கத்துச் சேகரக் குரு ஒருத்தர் புகார் கொடுத்தார். பேகட் வழக்குப் போட மறுத்துட்டார். மூணாவது பிரசங்கம் 1854 மே 14, மறுநாள் பிரைட்டன்ல பேகட் இறந்துட்டார். ஆனா புகார் அவருக்கு அப்புறம் வழக்காவே ஆச்சு, 1856-ல டெனிசனுக்கு எதிராத் தீர்ப்பு, அடுத்த வருஷம் வழக்கு ரெண்டு வருஷக் கெடுவுக்குள்ள தொடங்கலங்கற காரணத்துல அது ரத்து, 1858-ல மேல் கோர்ட்டான ப்ரிவி கவுன்சில் அத உறுதி பண்ணுச்சு. கடைசி வரைக்கும் அந்த உபதேசம் சரியா தப்பான்னு மேல் கோர்ட்டு சொல்லவே இல்ல.

எது மாறியிருக்கணும்

1838-ல கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்திருக்கணும், இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி வருது. எந்தப் பிரசுரம், எந்தப் பக்கம், எந்த வாக்கியம்னு ஒரு பக்கக் கடிதம் போதும். நியூமன் எழுதினபடி நடந்திருப்பார்னு அவரோட அடுத்த ஏழு வருஷ நடத்தையே காமிக்குது, ஒவ்வொரு தடவையும் பிஷப் கேட்டதச் செஞ்சார்.

1841 உடன்பாட்டுல பேகட் தன்னால கொடுக்க முடிஞ்சத மட்டும் கொடுத்திருக்கணும். என் டயோசிஸ்ல உங்களுக்குக் கண்டனம் வராது, மத்தவங்க பேசினா அது அவங்க கருத்துன்னு எழுதிக் கொடுத்திருந்தா நியூமன் எதிர்பார்ப்பே வேற மாதிரி இருந்திருக்கும். பியூசிய நடுவுல விட்டதும் எனக்குச் சரியாப் படல. பியூசி விசுவாசமான மனுஷர்தான், ஆனா ஒரு கடிதத்தோட எந்த வரிய படிச்சுக் காமிக்கணும், எத விடணும்ங்கற பாரத்தை ஒரு நண்பர் மேல போடக் கூடாது. கட்டுப்பாடு எல்லா பிஷப்புகளுக்கும் வேணும்னா ஆர்ச்பிஷப் ஹவுலி தன் பேருலயே கையெழுத்துப் போட்டிருக்கணும், அதுக்கு அவர் தயாரா இல்லன்னா அந்த வாக்கு பேச்சுலயே வந்திருக்கக் கூடாது.

மாத்தவே கூடாதது 1842 ஏப்ரல் கடிதம். பேப்பர் செய்திய வெச்சு நடவடிக்கை எடுக்காம சம்பந்தப்பட்டவர்கிட்டயே கேட்டது, அவரோட பதில முழுசா வாங்கினது, இதெல்லாம் இன்னைக்கும் எந்த டயோசிஸ் ஆபீஸ்லயும் அப்படியே செய்யலாம். ஆனா அந்தப் பதிலை அப்பவே நியூமனோட சம்மதத்தோட பேகட் வெளியிட்டிருக்கணும்னு நினைக்கிறேன். மடாலயம்ங்கற வதந்தி அடங்கவே இல்ல, கொட்டகையப் பத்தின அந்தக் கடிதத்தை நியூமன் 1864-ல தன் வாழ்க்கைய எழுதினப்ப அச்சுல போட்டார். அப்போ பேகட் இறந்து பத்து வருஷம் ஆயிருந்துச்சு.